நம்பு இரும்புச் சட்டியும் சுகியாக்கியும்

சுகியாக்கி என்பது மெல்லிய மாட்டிறைச்சியைச் சோயா சாஸ், சர்க்கரையோடு சமைக்கும் ஜப்பானிய உணவு. அதற்கென ஜப்பானின் இவாத்தே பகுதியில் வார்க்கப்படும் ‘நம்பு’ என்னும் வகை இரும்புச் சட்டி தட்டையானது, ஆழம் குறைவு. நான்கு பேருக்கு 26 செ.மீ. போதும்.

ஒசாகா, கியோட்டோ அடங்கிய கன்சாய் வட்டாரத்துச் சுகியாக்கி முறைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. மாட்டுக்கொழுப்பைத் தேய்த்து, இறைச்சியை இரண்டிரண்டு துண்டாகப் போட்டு, சர்க்கரை தூவி, சோயா சாஸ் விட வேண்டும். மெல்லிய சட்டியில் சூடு சட்டென்று இறங்கி, இறைச்சி வதங்காமல் நீர்விட்டு வேகும். இரும்பு சூட்டைப் பிடித்துவைக்கும்.

டோக்கியோ அடங்கிய கான்தோ வட்டாரத்து முறையில் வாரிஷிதா என்னும் கலவைச் சாறு முதலிலேயே தயாராக இருக்கும்: சோயா சாஸ், மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது), சாக்கே (அரிசி மது) தலா 100 மி.லி., சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி. கோஸையும் டோஃபுவையும் (சோயா பாலில் செய்த கட்டி) ஒரேயடியாகக் குவித்தால் நீர்விட்டுச் சாறு சப்பென்றாகிவிடும். சாறு வற்றி உப்புக் கரித்தால் தண்ணீரோ தாஷியோ (ஜப்பானிய அடிப்படைச் சூப்புச் சாறு) ஊற்றுங்கள், மேலும் வாரிஷிதாவை அல்ல. தொட்டுக்கொள்ளும் பச்சை முட்டை, பச்சையாக உண்ணத் தகுந்ததாகவே இருக்கட்டும்.

குறை என்றால் கனம்தான், ஒரு கையால் தூக்க முடியாது. பராமரிப்பும் உண்டு. மிச்சத்தைச் சட்டியிலேயே விட்டால் உப்பில் துரு ஏறும். சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். சோப்பு வேண்டாம், வெந்நீரில் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசுங்கள்.