பறக்கும் ரயில்: மாசக் கடைசிக்கு ஏற்ற பொழுதுபோக்கு

மெஸ் பில் கட்டி, போனுக்கு ரீசார்ஜ் பண்ணி, ஜெராக்ஸ் கடை பாக்கியையும் தீர்த்த பிறகு கையில் இருநூறு ரூபாய் மிச்சமிருந்தால், சென்னையில் ஒரு சனிக்கிழமையை ஓட்ட நான் சிபாரிசு செய்வது ஒன்றே ஒன்றுதான்: கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில், அதாவது பெரும்பாலும் மேம்பாலத்தின் மேல் ஓடுகிற லோக்கல் ரயில். ஏதோ ஒரு இடத்துக்குப் போக உதவும் வண்டியாக இல்லாமல், அதையே பொழுதுபோக்காக வைத்துதான் இந்த விமர்சனம். மாலுக்குள் நுழையக் காசு கேட்க மாட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் யாருக்காவது பசிக்கும், அப்புறம் ஃபுட் கோர்ட்டில் அந்த மாசக் கணக்கே முடிந்துவிடும்.

டிக்கெட் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது, இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடியில் இறங்கினாலும் பத்தைத் தாண்டாது. மெட்ரோவில் குறைந்தபட்சமே பத்து. ஒன்றைக் கவனிக்க வேண்டும், நடுவில் இறங்கிச் சுற்றிவிட்டு அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியாது, ஒவ்வொரு தடவையும் புதுசாக எடுக்க வேண்டும். நாலைந்து இடத்தில் இறங்கினால்கூட இருபது, இருபத்தைந்து ரூபாய்தான், அதற்கும் கஞ்சத்தனம் பார்த்து "யார் செக் பண்ணப் போறாங்க" என்று ஏறுகிற ஆசாமி எல்லா கேங்கிலும் ஒருத்தன் இருப்பான். அபராதம் குறைந்தது 250 ரூபாய், கூடவே டிக்கெட் காசு. அந்தப் பணத்தில் ஐந்து ரூபாய் டிக்கெட் ஐம்பது வாங்கலாம் என்று அவனுக்குச் சொல்லி வையுங்கள். கல்லூரியும் வீடும் இதே பாதையில் இருப்பவர்கள் கல்லூரியில் படிவம் வாங்கிக் கொடுத்து மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிடலாம், பாதி விலை, வழியில் இருக்கிற ஸ்டேஷன்களில் இஷ்டத்துக்கு இறங்கி ஏறலாம். ஹாஸ்டல்காரர்களுக்கு அது சரிப்படாது. செல்போனில் டிக்கெட் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்கு வரும் வழியிலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடைத் தேடி அலைய வேண்டும், அந்த நேரம் பார்த்து வண்டி கிளம்பும்.

இந்த ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைதான் ஓடத் தொடங்கியது. 2007இல்தான் வேளச்சேரி வரை வந்து சேர்ந்தது, அதாவது இப்போது முதல் வருஷம் படிக்கிறவர்கள் பிறந்த சமயத்தில். பூங்கா நகர் வரை தரையில் போகிற வண்டி சிந்தாதிரிப்பேட்டையில் மேலே ஏறிவிடும். அதற்கப்புறம் மொட்டை மாடிகள் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிடுகின்றன: காயப்போட்ட வடாம், கொடியில் தொங்கும் பள்ளிக்கூட யூனிஃபார்ம், சின்டெக்ஸ் டேங்க் நிழலில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிற ஒருத்தர். கீழே பக்கிங்காம் கால்வாய், சில இடங்களில் மூக்கைப் பிடிக்கத்தான் வேண்டும். கிரீன்வேஸ் ரோடு தாண்டி கோட்டூர்புரம் வருவதற்குள் அடையாற்றைக் கடக்கிறபோது கொஞ்ச நேரம் எல்லோரும் போனைக் கீழே வைப்பார்கள். பெருங்குடிக்கு அப்புறம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், நவம்பருக்கு மேல் போனால் பறவைகள் நிறையத் தெரியும். மதியம் பதினொன்றிலிருந்து மூன்று வரை போனால் ஜன்னல் சீட் நிச்சயம். ஆபீஸ் நேரத்தில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இறங்க வேண்டிய இடங்களில் எனக்கு முதலில் திருவல்லிக்கேணி. பாரதி சாலைப் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடைகளில் நின்று புரட்டுவதற்கே அரை நாள் போதாது. இன்ஜினியரிங் புத்தகம், போட்டித் தேர்வு கைடு, அட்டை கிழிந்த நாவல், யாரோ ஒருத்தர் பென்சிலில் அடிக்கோடு போட்டுப் பாதியில் விட்டுவிட்ட ஆங்கில இலக்கணம் எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும். பேரம் பேசலாம், ஆனால் புத்தகத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள், கடைக்காரருக்கு அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். திருப்பி வைத்துவிட்டு இரண்டடி நடந்தால் கூப்பிடுவார். கூப்பிடவில்லை என்றால் அவர் சொன்னது நியாயமான விலைதான், பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பசித்தால் ரத்னா கஃபே. இட்லி மூழ்கும் வரை சாம்பாரை ஊற்றுகிற இடம் அது, இரண்டு பேர் ஒரு பிளேட்டைப் பகிர்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். அங்கிருந்து மெரினாவுக்கு நடந்தே போய்விடலாம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம், மிளகாய் பஜ்ஜி ஆளுக்கு ஒன்று, அலையில் காலை நனைப்பது இலவசம். தட்டுக்கடை எதிலும் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்; விலை கேட்காமல் மீன் வறுவலுக்குக் கை நீட்டி, பஸ் காசுக்கே மூச்சு வாங்கிய கேங்குகள் உண்டு.

சேப்பாக்கம் மேட்ச் நாளில் மட்டும். மைதானம் ஸ்டேஷனை ஒட்டியே இருப்பதால் டிக்கெட் இல்லாதவர்களுக்கும் சத்தம் கிடைக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே சிக்ஸரா விக்கெட்டா என்று பந்தயம் கட்டுவது தனி விளையாட்டு.

திருமயிலையில் இறங்கினால் கபாலி கோயில், தெப்பக்குளம், மாடவீதி. காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடிக்காமல் வந்தால் அது மயிலாப்பூர் போனதாகவே ஆகாது. ஜன்னல் கடையில் பெயருக்கேற்றபடி ஒரு வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பஜ்ஜி வரும், தெருவில் நின்றபடியே தின்ன வேண்டும், அதுதான் ருசி. பங்குனியில் அறுபத்துமூவர் சமயத்தில் போனால் நீர்மோர், பானகம், சுண்டல் என்று தெருவுக்குத் தெரு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், பர்ஸைத் திறக்கவே வேண்டாம். மார்கழியில் இன்னொரு வசதி: பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. நம் வயசுப் பிள்ளைகள்தான் பாடுவார்கள், நல்ல சங்கீதம், நல்ல ஏசி. கேன்டீனுக்கு மட்டும் விலைப் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள். இப்போது மெட்ரோ வேலைக்காக அந்தப் பக்கம் தோண்டிப் போட்டிருப்பதால் நடக்கிறபோது தூசி அதிகம்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். "லைப்ரரியா?" என்று முகம் சுளிக்கிறவர்களையும் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போங்கள். 2010இல் திறந்த ஒன்பது தளக் கட்டடம், உள்ளே போக ஒரு பைசா வேண்டாம், வெயில் நாளில் இதைவிடக் குளுமையான இலவச இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது. பையை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது, செமஸ்டர் சமயத்தில் அங்கே இடம் பிடிக்கக் காலையிலேயே போகணும்.

திருவான்மியூரில் இறங்கி பஸ் பிடித்தால் பெசன்ட் நகர் பீச். பெண்களுக்கு 2021இலிருந்து சாதா பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்பதால், பெண்கள் மட்டும் சேர்ந்த கேங்குக்கு ரயிலைவிட பஸ்ஸே மலிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த டிராஃபிக்கில் மயிலாப்பூர் போய்ச் சேருவதற்குள் ஊர் சுற்றுகிற மூடே போய்விடும்.

சரி, குறைகள். ஸ்டேஷன்களை எந்தக் கூட்டத்தை நினைத்து இவ்வளவு பெரிதாகக் கட்டினார்களோ, தளம் தளமாகக் காலியாகக் கிடக்கின்றன. கடைகள் வரும் என்று விட்ட இடங்களில் பல வருஷமாகப் புறாக்கள்தான் குடியிருக்கின்றன. கழிப்பறை என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள், லைப்ரரியிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் நல்ல காத்திருப்பு. இருட்டிய பிறகு சில ஸ்டேஷன்களின் படிக்கட்டுகளில் ஆள் நடமாட்டமே இருக்காது, தனியாக இறங்காதீர்கள், கூட்டமாக இருக்கிற பெட்டியில் ஏறுங்கள். இவ்வளவுக்கும் சேர்த்து ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

இந்தப் பாதையை மெட்ரோவிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ரொம்ப காலமாக ஓடுகிறது. லிஃப்ட்டும் வெளிச்சமும் சுத்தமும் வரும், நல்லதுதான். கட்டணமும் கூடவே மெட்ரோ அளவுக்கு ஏறினால், "ஏ, இங்க இறங்கிப் பாப்போமா" என்று நினைத்த இடத்தில் இறங்குகிற பழக்கம் முதலில் போகும், அப்போது நான் கொடுத்த நாலை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.