அடுப்புக்கு ஜிஐ தகடு, கேன்வாஸுக்குப் பாலியஸ்டர்: இந்த செட்டை வாங்காதீர்கள்

சொந்தமாகக் கேன்வாஸ் கூடாரம் தைத்து, அதற்குள் வைக்கச் சின்னதாக விறகடுப்பும் செய்துகொள்ளலாம் என்று இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டுக்கும் வேண்டிய சாமான்களை ஒரே செட்டாக ஆன்லைனில் ஒருவர் விற்கிறார். சுத்தப் பருத்தி, 340 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 340 கிராம் எடை), சூடு தாங்கும் ஸ்டீல் தகடு, பித்தளை ஐலெட் (கயிறு கோக்கும் ஓட்டைக்கு வைக்கும் வளையம்) என்றுதான் போட்டிருந்தது. வந்தது வேறு.

துணி கைக்கு நன்றாகத்தான் இருந்தது, அதனால்தான் சந்தேகம் வராது. ஓரத்திலிருந்து நாலு நூலை உருவிப் பற்றவைத்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டதும் உதிரும். இது உருகிச் சுருண்டு, முனையில் கெட்டியான கறுப்பு மணியாக நின்றது. பாலியஸ்டர் கலப்பு. பருத்தி நூல் நனைந்தால் உப்பி நெசவின் இடைவெளியை அடைத்துக்கொண்டு மழைநீரைத் தடுக்கும், அதற்காகத்தானே கேன்வாஸ் வாங்குகிறோம்? எடையாவது சரியா என்று முழுத் துணியையும் நிறுத்து, கிராம் கணக்கைச் சதுர மீட்டரால் வகுத்துப் பார்த்தால் 260கூட வரவில்லை. ஐலெட்டில் காந்தம் பச்சக்கென்று ஒட்டியது, பித்தளையில் ஒட்டாது. மேலே முலாம், உள்ளே இரும்பு.

சரி, இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். தகடு அப்படியில்லை.

பளபளவென்று, மேலே பூப்பூவாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. அது ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசியது. (எல்லா ஜிஐயிலும் இந்தப் பூ தெரியாது, அதனால் பூ இல்லையென்று நம்பிவிடாதீர்கள்.) ஒரு மூலையில் வினிகர் விட்டேன், குமிழ் குமிழாகக் கிளம்பியது. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும், 907இல் கொதிக்கும். விறகு நன்றாகப் பிடித்தால் அடுப்பின் மெல்லிய சுவர் முதல் அளவைச் சாதாரணமாகத் தாண்டும், நெருப்பு நேரே படுகிற இடத்தில் இன்னும் மேலே போகும். அப்போது பூச்சிலிருந்து கிளம்பும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும், வெல்டிங் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இதை மூடிய கூடாரத்துக்குள் வைக்க விற்கிறார்கள்!

கேட்டதற்கு, "ஒரு தடவை வெளியே வைத்து எரித்தால் கோட்டிங் போயிடும்" என்று பதில் வந்தது. மொத்தமும் போய்விடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, போகிற வரைக்கும் அதைச் சுவாசிப்பது யார்? பூச்சில்லாத இரும்புத் தகடோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் இதற்குச் சரி.

புகைக்குழாய் வெளியே போகிற ஓட்டைக்கு ஒரு சிலிக்கான் வளையமும் கொடுத்திருந்தார்கள், 1000 டிகிரி தாங்குமாம். சாதாரண சிலிக்கான் ரப்பர் 250 டிகிரி வாக்கில்தான் தாக்குப்பிடிக்கும்.

நூல் உருவியதால் "வெட்டிய பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். படத்தோடு போட்ட விமர்சனம் மறுநாள் காணோம். அப்புறம் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ அங்கே உதவுகிறது. இதற்கிடையில் அதே செட் வேறு கடைப் பெயரில், அதே படங்களோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தகட்டின் பூ அதிலேயே தெரிகிறது.