எச்சரிக்கை: "ஆஸ்பத்திரி லைட்" என்று சொல்லி 84,500 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

கொழும்பில் யாராவது தோல் சிகிச்சைக்கு லைட் மெஷின் தேடிக்கொண்டிருந்தால், காசு அனுப்ப முதல் இதை வாசியுங்கள். எங்களுடைய 84,500 ரூபாய் போய்விட்டது. இன்று காலை என் நம்பரையும் பிளொக் செய்துவிட்டார்கள். கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பிறவியிலேயே அல்பினிசம், தோலில் நிறமி இல்லை. வவுனியாவில் இருந்த காலம் முழுக்கத் தோட்டத்து வெயிலில் நின்று எங்களை வளர்த்தவர். அந்த வெயில் குடித்த தோல் இப்போது நெற்றியிலும் கன்னத்திலும் சொரசொரவென்று செதிள் செதிளாக எழும்பியிருக்கிறது. அக்டினிக் கெரட்டோசிஸ் என்றார் டொக்டர். இது புற்றுநோய் இல்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் சிலது தோல் புற்றுநோயாக மாறலாம். முன்பு சிலதைத் திரவ நைதரசன் வைத்து எடுத்தார்கள். இப்போது நெற்றி முழுக்கப் பரவியிருப்பதால் ஒளிச் சிகிச்சை செய்தால் நல்லது என்றார்.

அது என்ன சிகிச்சை என்று கொஞ்சம் சொன்னால்தான் இவர்கள் செய்த அநியாயம் விளங்கும். முதலில் ஒரு கிரீம் பூசுவார்கள். பழுதான கலங்கள் அதை உள்ளே எடுத்து, புரோட்டோபோர்பிரின் என்கிற பொருளாக மாற்றி வைத்துக்கொள்ளும். அதன்மேல் சரியான ஒளி பட்டால், அது ஒட்சிசனோடு சேர்ந்து அந்தக் கலங்களை அழித்துவிடும். சிவப்பு ஒளி என்றால் அதன் அலைநீளம் 630 நனோமீற்றர் அளவில் இருக்க வேண்டும். தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 37 ஜூல் ஒளிச் சக்தி போய்ச் சேர வேண்டும். நல்ல மெஷின் அதைப் பத்து நிமிடத்துக்குள் கொடுத்துவிடும். நீல ஒளியிலும் செய்கிறார்கள், ஆனால் சிவப்புத்தான் தோலுக்குள் ஆழமாகப் போகும்.

ஐரோப்பாவில் மெஷினே இல்லாமல், கிரீமைப் பூசி அரை மணித்தியாலத்துக்குள் வெளியே போய் இரண்டு மணித்தியாலம் பகல் வெளிச்சத்தில் இருக்கவும் விடுகிறார்கள். அம்மாவுக்கு அது சரிவராது. வெளிச்சத்தில் கண் திறக்கவே கஷ்டப்படுவார், அதிலும் கொழும்பு வெயில். அதனால்தான் அறைக்குள் வைத்துச் செய்யக்கூடிய லைட் தேவைப்பட்டது. டொக்டரின் கிளினிக்கில் அது இல்லை. சரியானது கிடைத்தால் தானே பக்கத்தில் நின்று செய்து தருகிறேன் என்று, என்ன அலைநீளம், எவ்வளவு வலு என்பதை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

அந்தத் துண்டைப் படமெடுத்து, அழகுசாதன மெஷின்கள் விற்கிற ஒரு ஒன்லைன் கடைக்கு அனுப்பினேன். காலி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு கடையும் இருக்கிறது. பேர் எழுதவில்லை. கதைத்த பையன் நல்ல தமிழில், நல்ல மரியாதையாகக் கதைத்தான். "ஓம் அக்கா, இது ஆஸ்பத்திரியில் பாவிக்கிற அதே லைட்தான். டொக்டர் எழுதினது எல்லாம் இதில் இருக்கு" என்று குரல் பதிவு அனுப்பினான். அது இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வயது, சாப்பிடுகிறாரா என்றெல்லாம் விசாரித்தான். நான் கொஞ்சம் யோசித்தபோது, "அம்மாவின் வருத்தத்துக்கு என்று கேட்கிறீங்கள், அதில் நான் பொய் சொல்லுவேனா அக்கா?" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 84,500 ரூபாயையும் முழுதாக வங்கிக் கணக்குக்குப் போட்டேன்.

வந்த பெட்டியில் ஒரு பெண்ணின் பளபளக்கும் முகம், பக்கத்தில் பெரிய எழுத்தில் "பிடிடி". இந்தச் சிகிச்சையின் ஆங்கிலப் பேரின் சுருக்கம்தான் அது. உள்ளே ஏழு நிறம் மாறுகிற முகப் பொலிவு மெஷின்! அலைநீளம் இல்லை, வலு இல்லை, தொடர் இலக்கம்கூட இல்லை. ப்ளக்கும் நம் சுவருக்குப் பொருந்தாத தட்டை முள். பில்லைப் பார்த்தால் "அழகுசாதன உபகரணம்" என்று எழுதியிருக்கிறார்கள். அதை எழுதிய கைக்குத் தெரியும்தானே, விற்றது என்னவென்று?

டொக்டர் பார்த்தவுடனேயே தலையாட்டினார், ஆனாலும் அளந்து பார்ப்போம் என்றார். தம்பியின் நண்பன் பல்கலைக்கழக பௌதிக ஆய்வுகூடத்தில் வைத்து அளந்தான். பத்து சென்ரிமீற்றர் தூரத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 4 மில்லிவாட்தான் வருகிறது. அந்த 37 ஜூல் சேர அம்மா அதன் முன்னால் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டும்! அளக்காமல் பத்து நிமிடம் வைத்து எடுத்திருந்தால்? சிகிச்சை முடிந்தது என்று நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். அந்தக் கலங்கள் அப்படியே இருந்திருக்கும். தோலில் மிச்சமிருக்கிற மருந்தோடு வெளியே போய் வெயில் பட்டு வெந்தும் இருப்பார். ஒரு வயதான மனுஷியின் முகத்தோடு இப்படி விளையாட இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

அதற்குப் பிறகு அந்த "அக்கா" எல்லாம் போய்விட்டது. முதலில், "லைட் பத்துது தானே, பிறகென்ன பிரச்சினை?" அப்புறம், பெட்டி திறந்தால் திருப்பி எடுக்க மாட்டோம். திறக்காமல் உள்ளே என்ன என்று எப்படித் தெரியும்? அப்புறம் முதலாளி டுபாயில், வந்து கதைப்பார். நீலத்தையும் சிவப்பையும் மாறி மாறிப் போட்டால் இரட்டிப்புப் பலன் என்று ஒரு வைத்திய ஆலோசனை வேறு! கடைக்கு நேரே போனேன். மேசையில் இருந்த பிள்ளை, அந்தப் பையன் லீவு, எனக்கொன்றும் தெரியாது என்றாள். கடைசியில் முகக் கிரீம் இரண்டு இலவசமாகத் தருகிறோம், விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 84,500 ரூபாய்க்கு இரண்டு முகக் கிரீம்! அம்மாவின் நெற்றியைப் படமெடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இன்று காலை பிளொக்.

இப்படியான மெஷின் வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஒரு நிலையில் இல்லை. அவசரமாகச் சிலது சொல்கிறேன். பெட்டியில் "பிடிடி" என்று இருப்பதை நம்பவே வேண்டாம், அழகு மெஷின்களில் எல்லாம் அதைத்தான் அடித்து விற்கிறார்கள். கிரீம் இல்லாமல் இந்தச் சிகிச்சையே இல்லை, வெறும் லைட் இதைக் குணமாக்கும் என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். அலைநீளமும் வலுவும் எழுத்தில் தராதவனுக்கு ஒரு ரூபாய்கூட முற்பணம் போடாதீர்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் மருத்துவ சாதனமாகப் பதிந்ததா என்று கேளுங்கள். பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று அந்த இடத்திலேயே பாருங்கள். டொக்டர் இல்லாமல் வீட்டில் செய்து பார்க்கவே வேண்டாம்.

நாளைக்கு நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். அவர்களுடைய இலக்கம் 1977. இதே மாதிரி மெஷினைக் காலி வீதிப் பக்கம் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் குரல் பதிவையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம். 84,500 ரூபாயை நான் விடப்போவதில்லை.