ஒரு லட்சம் தரும் டோனரை எங்கே நிறுத்துவது?

15 நாளில் இவ்வளவு திரட்டுவோம் என்று நாள் குறித்து ஆன்லைனில் இறங்கும் சின்ன டிரஸ்ட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய டோனர், அதாவது நன்கொடையாளர்தான் இருப்பார். அவர் தரும் ஒரு லட்சத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் இந்தத் திரட்டலின் வடிவமே இருக்கிறது. "நீங்கள் எவ்வளவு போடுகிறீர்களோ அவ்வளவு அவரும் போடுவார்" என்று அறிவிப்பது மேட்சிங். "ஒரு லட்சம் ஏற்கெனவே வந்துவிட்டது, மீதியைச் சேர்ப்போம்" என்று தொடங்குவது முன்பணம். அந்தப் பணத்தைப் பின்னால் வைத்துவிட்டு, தெரிந்தவர்கள் ஆளுக்கொரு நிதி திரட்டும் பக்கம் திறந்து அவரவர் வட்டத்தில் கேட்பது தூதர் முறை.

எது நல்லது என்று பேசுவதற்கு முன்பு இலக்குத் தொகை சரியாக இருக்க வேண்டும். பாதி இடங்களில் கோளாறு அங்கேதான். "ஐந்து லட்சம்னு போட்டுடுவோம், ரவுண்டா இருக்கும்" என்பது இலக்கு இல்லை.

உதாரணத்துக்கு, மூன்று மாலை நேரப் படிப்பு மையங்களை ஓர் ஆண்டு நடத்த வேண்டும். ஆசிரியர் ஊதியம் மாதம் 7,000 வீதம் மூவருக்கு 2,52,000. மையத்துக்கு 25 பிள்ளைகள், தலைக்கு 8 ரூபாய் சுண்டல், 200 நாள் என்றால் மூன்று மையங்களுக்கும் சேர்த்து 1,20,000. நோட்டு, சாக்பீஸ் வகையறா 28,000. ஆக 4,00,000. இது கையில் நிற்க வேண்டிய தொகை. திரட்டும் செலவு தனி: வீடியோ 12,000, விளம்பரம் 6,000, ரசீது மற்றும் தபால் 4,000. மொத்தம் 4,22,000 ஆகிவிட்டது.

அடுத்தது கட்டணம். நிதி திரட்டும் இணையதளம் 5%, பணத்தை ஆன்லைனில் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2%, இரண்டின் மேலும் 18% ஜிஎஸ்டி என்று வைத்தால் 8.26% போகும். (யுபிஐ-க்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று இருக்கும், ஒப்பந்தத்தைப் படித்து உங்கள் எண்ணைப் போடுங்கள்.) பலரும் 4,22,000-த்தோடு 8.26%-ஐக் கூட்டி 4,56,900 என்று எழுதிவிடுகிறார்கள். கட்டணம் பிடிக்கப்படுவதோ வசூலாகும் மொத்தத்தில். எனவே 0.9174-ஆல் வகுக்க வேண்டும்: 4,60,000. வித்தியாசம் மூவாயிரம்தான். ஆனால் அந்த மூவாயிரம் ஒரு மையத்தின் மார்ச் மாதச் சுண்டல்.

பெரிய டோனரின் ஒரு லட்சத்தைத் தளம் வழியாக வாங்காமல் நேராக வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் 8,260 மிச்சம். ஆனால் இதுவரை எவ்வளவு வந்தது என்று காட்டும் தளத்தின் மீட்டரில் அது தெரியாது. வெளியில் வந்த பணத்தையும் பதிவுசெய்யும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதி 3,60,000-ஐப் படிகளாகப் பிரியுங்கள். 25,000 தருபவர் 2 பேர், 10,000 தருபவர் 10, 5,000 தருபவர் 24, 1,000 தருபவர் 90. கூட்டினால் சரியாக 3,60,000, 126 பேர். மேல் மூன்று படிகளில் உள்ள 36 பேரைப் பிடிக்க, ஒருவருக்கு மூவர் வீதம் 108 பேருக்குப் போன் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் வாட்ஸ்அப் அனுப்பிப் பதினைந்தில் ஒருவர் தருவார் என்று கணித்தால் 90 பேருக்கு 1,350 எண்கள் தேவை. உங்களிடம் 600 எண்கள்தான் இருக்கின்றன என்றால் 40 பேர்தான் தேறுவார்கள்; 50,000 குறையும். இந்த ஓட்டையை அடைக்க எந்த முறை உதவும் என்று கேட்டால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

மேட்சிங்குக்குக் கவர்ச்சி அதிகம், அதைப் பற்றி ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் கார்லன், லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு தொண்டு அமைப்பின் பழைய டோனர்கள் 50,000 பேருக்கு அனுப்பிய கடிதங்களை வைத்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேட்சிங் உண்டு என்று சொன்னதும் கடிதத்துக்குக் கிடைத்த பணம் 19% கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று ஆகியவற்றுக்குள் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அதனால் "ஒன்றுக்கு மூன்று" என்று அறிவித்து ஒரு லட்சத்தை முப்பத்துமூவாயிரத்துக்குள் கரைக்காதீர்கள். ஒன்றுக்கு ஒன்றே போதும்.

மேட்சிங்கில் அடிக்கடி நடக்கும் தவறு உச்சவரம்பைச் சொல்லாமல் விடுவது. 2018-ல் கிவிங் டியூஸ்டே என்ற நன்கொடை நாளில் ஃபேஸ்புக்கும் பேபாலும் ஒதுக்கிய 70 லட்சம் டாலர் மேட்சிங் சில நொடிகளில் தீர்ந்தது. பிறகு போட்டவர்களுக்கு இரட்டிப்பு கிடைக்கவில்லை. உங்கள் ஒரு லட்சமும் முதல் நாளே தீர்ந்தால் மீதிப் பதினான்கு நாளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டாகப் பிரியுங்கள்: முதல் 48 மணி நேரத்துக்கு 50,000, கடைசி மூன்று நாளுக்கு 50,000. தீர்ந்தவுடன் "மேட்சிங் முடிந்தது" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். யாரும் போடாவிட்டாலும் டோனர் ஒரு லட்சத்தைத் தரத்தான் போகிறார் என்றால் அது மேட்சிங்கே அல்ல, பொய். அவரிடம் வாயால் பேசியது போதாது, மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

முன்பண முறை பார்க்கச் சப்பென்று இருக்கும். எங்கள் மதிப்பீட்டில் முந்துவது அதுதான். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கணினி வாங்க நிதி கேட்டு 3,000 வீடுகளுக்குக் கடிதம் அனுப்பி லிஸ்ட்டும் லக்கிங்-ரைலியும் சோதித்தார்கள் (2002). இலக்கில் 10% ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றதை விட 67% இருக்கிறது என்றபோது வசூல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. மியூனிக்கில் பவேரிய அரசு ஓபராவின் ரசிகர்களிடம் ஹுக், ராசுல் நடத்திய சோதனை இன்னும் நேரடியானது. ஒருவர் 60,000 யூரோ தந்துவிட்டார் என்று வெறுமனே சொன்னபோது மக்கள் தம் பையிலிருந்து போட்டது, அதே பணத்தை மேட்சிங்காக அறிவித்தபோது போட்டதை விட அதிகம். இரட்டிப்பாகும் என்றதும் "அப்படியென்றால் கொஞ்சம் குறைத்தே போடலாமே" என்று கை சுருங்கிவிடுகிறது.

ஆக, மீட்டர் பூஜ்யத்தில் நிற்க லிங்க்கை அனுப்பாதீர்கள். 4,60,000-ல் ஒரு லட்சம் வெறும் 22%. தொடங்குவதற்கு முந்தைய வாரமே 25,000 படியிலும் 10,000 படியிலும் இருப்பவர்களைப் போனில் பிடித்து இன்னும் 70,000 பதிவாக்கிவிட்டால், ஊருக்குத் தெரியும் முதல் நாளில் 37% நிரம்பியிருக்கும்.

ஆனால் மேலே சொன்ன 50,000 ஓட்டையை மேட்சிங்கும் அடைக்காது, முன்பணமும் அடைக்காது. இரண்டும் உங்களிடம் இருக்கும் 600 எண்களுக்குள்ளேதான் வேலை செய்கின்றன. புது ஆட்கள் வருவது தூதர் வழியாகத்தான். 20 பேரிடம் தலைக்கு 5,000 இலக்கு கொடுங்கள், அதில் பாதிப் பேர் பக்கத்தைத் திறந்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்று பட்ஜெட் போடுங்கள், 50,000 தேறும். தூதர் முதலில் தன் பணம் 500 ரூபாய் போட்டுவிட்டுத்தான் லிங்க்கைப் பகிர வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள்.

சட்டச் சிக்கலும் இந்த முறையில்தான் அதிகம். தூதர் தன் ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்கி மொத்தமாக அனுப்பினால், கணக்கில் டோனர் அவர் ஒருவரே. மற்றவர்களுக்கு 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு) ரசீது தர வழியில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் அந்தக் கழிவே கிடையாது. இன்னொன்று வெளிநாட்டுச் சொந்தம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத டிரஸ்ட் வெளிநாட்டுக் குடிமக்களிடம் வாங்கக் கூடாது. சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம். கனடா குடியுரிமை வாங்கிய சித்தப்பா, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், ஊருக்கு வந்து இந்தியக் கணக்கிலிருந்து போட்டாலும் வெளிநாட்டவர்தான். தூதர் பகிரும் லிங்க் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எந்த நாட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் "நான் இந்தியக் குடிமகன்" என்ற டிக் பெட்டி, பான் எண் இரண்டும் பணம் செலுத்தும் பக்கத்திலேயே கட்டாயமாக இருக்கட்டும்.

(வரிவிலக்கை முதல் வரியில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு இல்லை.)

எனவே பெரிய டோனரின் ஒரு லட்சம் முன்பணம், ஓட்டைக்குத் தூதர்கள். டோனர் மேட்சிங்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாதியை முன்பணமாகவும் பாதியைக் கடைசி மூன்று நாள் மேட்சிங்காகவும் கேட்டுப் பாருங்கள். எட்டாம் நாள் இரவு மொத்தம் 2,75,000-ஐத் தொடவில்லை என்றால் இன்னொரு போஸ்டர் போடாதீர்கள். 108 பேர் பட்டியலை எடுத்து, இதுவரை யாருக்குப் போன் போகவில்லை என்று எண்ணுங்கள்.