ஷூர் எஸ்எம்57: டிஸ்டார்ஷன் கிதாருக்கு முன்னால் எங்கே வைப்பது?

1965-இல் வந்த மைக். இன்றும் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே கரகரப்பாக்கிய ஒலி) ஆம்ப் ஒன்றைப் பதிவு செய்யும்போது கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, முன்னால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இதுதான். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி மேலே ஒரு சரசரப்பு வருகிறது என்று திட்டுபவர்களும் குறைவில்லை. அதில் மைக்கின் பங்கு பாதி, வைத்த இடத்தின் பங்கு மீதி.

இதன் அதிர்வெண் வீச்சு 40 ஹெர்ட்ஸ் முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வரை. 5, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. கிதார் ஸ்பீக்கர் அதற்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும் என்பதால் 15-இல் நிற்பது ஒரு குறையே இல்லை. சிக்கல் அந்த மேடுதான். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட கேபினட்டில் ஸ்பீக்கருக்கே மேல் மிட்டில் (நடு அதிர்வெண்களின் மேல்பகுதியில்) ஒரு தூக்கல் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் காது கூசும். 25 வாட் கிரீன்பேக் ஸ்பீக்கர் என்றால் கொஞ்சம் மென்மை, மையத்துக்கு இன்னும் நெருங்கலாம்.

கிரில் துணிக்குப் பின்னால் டார்ச் அடித்து, ஸ்பீக்கரின் நடுவிலுள்ள வட்ட மூடியான டஸ்ட் கேப்பின் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். துணியிலிருந்து 2 செ.மீ. தள்ளி, அந்த விளிம்புக்கு நேராக மைக்கை நிறுத்துங்கள். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மையும் சரசரப்பும் ஏறும், அதிரும் கூம்பான கோனின் ஓரத்துக்கு நகர்த்தினால் இருட்டாகும். ஒரே ஒரு செ.மீ. நகர்த்தல் செய்வதை ஈக்யூ குமிழால் செய்ய முடியாது. மைக்கை 45 டிகிரி சாய்க்கும் வழக்கமும் உண்டு. முதலில் நகர்த்திப் பாருங்கள், சாய்ப்பது அப்புறம்.

இடம் தேட எளிய வழி: கிதார் சத்தத்தை மூடிவிட்டு, கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றி, ஆம்பின் 'ஸ்ஸ்' இரைச்சலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மைக்கை நகர்த்துவது. ஓரிடத்தில் அந்த இரைச்சல் சீறாமலும் அடைக்காமலும் நிற்கும். அந்த நேரத்தில் யாரும் கிதாரைத் தொடக்கூடாது, காது போய்விடும்.

துணியை ஒட்டியே வைத்தால் அருகாமை விளைவால் (மைக் நெருங்க நெருங்க அடி ஒலி கூடுவது) 100-200 ஹெர்ட்ஸில் 'கும்' என்று அடைக்கும். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிப்பது) அடிக்கும்போதுதான் இது முழுதாகத் தெரியும். 3, 4 செ.மீ. பின்னுக்கு இழுங்கள், மிச்சத்துக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி) போடுங்கள். ஆம்பின் கெயினையும் அறையில் பிடித்த அளவிலிருந்து ஒரு படி இறக்குங்கள். இடது வலமாக இரண்டு முறை வாசித்து அடுக்கினால் அந்த அடர்த்தி தானாக வந்துவிடும்.

ப்ரீஆம்ப் (மைக்கின் சிக்னலைப் பெருக்கும் கருவி) விலை பற்றிக் கவலை வேண்டாம். ஆம்ப் சத்தமாக இருக்கும்போது 30 டெசிபெல் கெயின் தாராளம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸே போதும்.

இரண்டாவது மைக் வாங்கக் காசிருந்தால் ராயர் ஆர்-121, மெல்லிய உலோக ரிப்பன் அதிரும் வகை மைக். 57 கடிக்கும் இடத்தை அது நிரப்பும். ஆனால் இரண்டு மைக்கின் உள்ளே ஒலியில் அதிரும் பாகங்களும் (டயஃப்ரம், ரிப்பன்) ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். 2.5 செ.மீ. வித்தியாசம் வந்தாலே 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றை ஒன்று தின்னும், 5 செ.மீ. என்றால் 3.4 கிலோஹெர்ட்ஸ், கிதாரின் உயிரே போகும். ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல் கீழை) திருப்பி, சத்தம் மிக மெலிந்துபோகும் வரை ஒரு மைக்கை நகர்த்துங்கள். பிறகு போலாரிட்டியைப் பழையபடி மாற்றினால் இரண்டும் கெட்டியாகச் சேரும்.

போலிகள் ஏராளம். அசல் 284 கிராம். கையில் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். முனையிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், அதுவும் ஒலியமைப்பின் பாகம்.

இடம் அமைந்ததும் ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள். கிரில்லிலும் ஒரு துண்டு.