பனிக்கு முன் பேக்கப் பேட்டரி வாங்குகிறீர்களா? முதலில் அதை எடை போடுங்கள்

2024 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலையே மூடிக் கிடந்தது. வடக்கு குவாசூலு-நட்டாலில் பல இடங்களில் மின்சாரம் போனது. அந்தப் பயத்தைக் காட்டித்தான் இப்போது வீடு வீடாக வந்து இன்வர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் விற்கிறார்கள். எல்லாரும் மோசமில்லை. ஆனால் அங்குள்ள நியூகாசில் பக்கம் ஒரு வயதான தம்பதி வீட்டில் நடந்ததை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரியின் மேல் ஒட்டியிருந்தது: 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர், அதாவது 5.12 யூனிட். கூட 5 கிலோவாட் இன்வர்ட்டர். ஒரே மத்தியானத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். முதல் பவர்கட்டில் ஃபிரிட்ஜ், விளக்கு, டிவி, வைஃபை எல்லாம் சேர்ந்து 500 வாட்தான் ஓடியது. 3 மணி 40 நிமிடத்தில் எல்லாம் அணைந்துவிட்டது. இன்வர்ட்டரில் வீணாவதையும், அடியில் விட்டுவைக்கும் பத்து சதவீதத்தையும் கழித்தாலும் 8 மணி நேரம் வந்திருக்க வேண்டும்.

பிறகு பேட்டரியைக் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். 29 கிலோ! குட்டு அங்கேயே உடைந்தது. 51.2 வோல்ட் பேட்டரிக்குள் 16 செல் இருக்கும். 100 ஆம்பியர்-அவர் செல் ஒன்று ஏறத்தாழ 2 கிலோ, ஆக செல்கள் மட்டுமே 32 கிலோ. இரும்புப் பெட்டி, பிஎம்எஸ் போர்டு (செல்களைக் கண்காணித்துக் காக்கும் எலக்ட்ரானிக் பலகை) எல்லாம் சேர்ந்தால் 40 கிலோவுக்கு மேல் வரும். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தவை 50 ஆம்பியர்-அவர் செல்கள். அதுவும் பழையவை: புதிய நீல உறை போட்டு, செல்லின் தலையில் இருக்கும் க்யூஆர் கோடைச் சுரண்டியிருந்தார்கள். வோல்ட்மீட்டர் வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பாதிக் கொள்ளளவு செல்கள் போட்ட பேட்டரியும் அதே 53 வோல்ட்தான் காட்டும். எடையும், ஓடும் நேரமும்தான் பொய் சொல்லாது. பணம் முழுவதையும் கொடுக்கும் முன், விற்பவர் இருக்கும்போதே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, மெயினை அணைத்து, இன்வர்ட்டர் திரையில் 500 வாட் காட்டும்படி லோடு போட்டு, கடிகாரம் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

இதைவிடக் கொடுமை அதே வீட்டில், குளிர்காலமான ஜூலையில் நடந்தது. தகரக் கூரை போட்ட காராஜில் பேட்டரி. விடிகாலையில் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். கரண்ட் திரும்பி வந்தும் சார்ஜ் ஏறவில்லை. இது கோளாறே இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே ஆனோடில் படிந்துவிடும். போன கொள்ளளவு திரும்பாது, நாளாவட்டத்தில் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் நல்ல பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவைக்கிறது. அந்தக் குளிரில் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கலாம், ஏற்றத்தான் கூடாது. வெயில் ஏறி செல் 5 டிகிரியைத் தாண்டியதும் தானாகவே சார்ஜ் ஏறத் தொடங்கும்.

விற்றவர் வந்து பார்த்துவிட்டு, "சென்சார்தான் கெட்டுப்போச்சு, அங்கிள்" என்று சொல்லி, வெப்பம் பார்க்கும் சென்சாரை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு 10 கிலோ-ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்துப் போனார். இந்தச் சென்சார்களின் மின்தடை 25 டிகிரியில் 10 கிலோ-ஓம். ஆக, வெளியே உறைபனி கொட்டினாலும் சரி, செல் கொதித்தாலும் சரி, பிஎம்எஸ்ஸுக்கு எப்போதும் 25 டிகிரிதான் தெரியும். ஆகஸ்டில் நான்கு செல் வீங்கிவிட்டன. தெரியாமல் செய்த தவறாக இது தெரியவில்லை. சரியான மதிப்புள்ள ரெசிஸ்டரைத் தேடிப் போடத் தெரிந்தவருக்கு அந்தச் சென்சார் எதற்கு என்றும் தெரியும்.

வயரிங்கும் அப்படித்தான். பேட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் நடுவே, வீட்டு டிபி போர்டில் (மின் விநியோகப் பெட்டியில்) போடும் சாதாரண 63 ஆம்பியர் ஏசி (மாறுமின்னோட்ட) பிரேக்கர். 5 கிலோவாட் முழு லோடில் அந்தக் கேபிளில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பிரேக்கர் திறக்கும்போது தீப்பொறி அணைந்துவிடும். பேட்டரியின் டிசியில் (நேர்மின்னோட்டத்தில்) அந்தப் பூஜ்யமே இல்லை, பொறி நின்று எரியும். அங்கே 125 அல்லது 160 ஆம்பியர் டிசி ஃபியூஸும், 35 சதுர மில்லிமீட்டர் கேபிளும் இருக்க வேண்டும்.

பேக்கப்பில் ஓடும்போது நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ஏற்பாடும் அங்கே இல்லை. அது இல்லாவிட்டால் கரண்ட் கசிந்தாலும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழாது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பட்டன் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில்தான் சோதிக்கிறது, எர்த் இல்லாமலும் விழும். மெயினை அணைத்துவிட்டு, சாக்கெட்டில் செருகும் டெஸ்டரால் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

கீசரும் இதில் ஓடும் என்று சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். குளிர்காலத்தில் 150 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறத்தாழ 8.7 யூனிட் வேண்டும். பேட்டரியில் இருப்பதே ஐந்து.

வயரிங் சரியாக இருக்கிறது என்பதற்கான சிஓசி சான்றிதழ் "அடுத்த வாரம் மெயிலில் வரும்" என்றார்கள், வரவே இல்லை. தொழிலாளர் துறையில் பதிவுள்ள எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட சிஓசியும், அதோடு டெஸ்ட் ரிப்போர்ட்டும் கையில் வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நாளை தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

வாசலில் வந்து விற்றதை, பொருள் வந்து 5 வேலை நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து ரத்து செய்யலாம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 16ஆம் பிரிவு. அது தவறிப்போனாலும் 56ஆம் பிரிவின்படி 6 மாதத்துக்குள் கெட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், விற்றவர் அல்ல. லேபிள், எடை, திரையில் தெரிந்த நேரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் பேட்டரியிலும் யாராவது "சென்சாரைச் சரிசெய்து" போயிருந்தால், இன்றைக்கே பேட்டரி பிரேக்கரை இறக்கிவிடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நடுவில் புடைத்திருந்தால் திறக்கவும் வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் கேன், கேஸ் சிலிண்டர், பழைய துணிமணி இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு, பதிவுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.