கிலோவுக்கு 850 ரூபாய், கஸ்டம்ஸ் உட்பட: என் ஆதாரை வைத்து ஷூ இறக்கிய கதை

வெளிநாட்டிலிருந்து பொருள் வரவழைக்கிற புறாக்கார நண்பர்கள் யாராவது மண்ணடிப் பக்கம் "டோர் டெலிவரி, டியூட்டி எல்லாம் உள்ள" என்று சொல்லும் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தால், பணம் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கும் என்னோடு சேர்ந்த இரண்டு பேருக்கும் 80,965 ரூபாய் போனது. பொருள் கைக்கு வரவில்லை.

வியாசர்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் 34 ஹோமர் (எங்கே விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறா) இருக்கிறது. பந்தயத்துக்கு நாங்கள் இன்னும் ரப்பர் வளையம்தான் போடுகிறோம். புறா கூடூரிலிருந்தோ ஓங்கோலிலிருந்தோ வந்து மாடியில் உட்காரும். உடனே உள்ளே போகாது, தண்ணீர்த் தொட்டி மேல் நின்று ஊரை வேடிக்கை பார்க்கும். நாம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே இழுத்து, வளையத்தைக் கழற்றி, வந்த நேரத்தைப் பதியும் பந்தயக் கடிகாரத்துக்குள் போடுவதற்குள் ஒன்றரை நிமிடம் ஓடிவிடும். சிப் வளையம் இருந்தால் இந்தப் பாடு கிடையாது. கூண்டு வாசலில் இருக்கும் பேட் (pad) என்ற சென்சார் பலகையைப் புறா மிதித்த நொடியில் நேரம் பதிவாகிவிடும். இந்த செட் பெல்ஜியம், ஜெர்மனி பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும். 2023 ஆகஸ்டில் மூன்று பேர் பணம் போட்டு, பேட், கடிகாரம், 60 வளையம் எல்லாம் சேர்த்து 410 யூரோவுக்கு ஆர்டர் போட்டோம். அன்றைய ரேட்டில் 36,900 ரூபாய்.

விற்ற கடையே கூரியரில் அனுப்பத் தயாராகத்தான் இருந்தது. கூரியர் செலவைப் பார்த்து நாங்கள்தான் பின்வாங்கினோம். அப்போதுதான் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக இந்த ஏஜென்ட் வந்தார். மண்ணடியில் ஒரு சந்துக்குள் மாடி ஏறிப் போனால் ஒரு மேஜை, ஒரு தராசு, சுவரோரம் அட்டைப் பெட்டிகள். "ஜெர்மனில நம்ம குடோன் இருக்கு பிரதர். அந்த அட்ரஸுக்கு அனுப்பச் சொல்லு. கிலோ 850, கஸ்டம்ஸ் நம்ம பொறுப்பு. ஆதார், பான் ரெண்டையும் வாட்ஸ்அப்ல போட்டுடு." பொருள் நாலு கிலோ. 3,400 ரூபாயோடு முடிந்தது என்று சந்தோஷமாகப் படி இறங்கினோம்.

பெட்டி சென்னை வந்ததும் வந்த பில் 16,065 ரூபாய்.

சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகக் கால்குலேட்டரை எடுத்தார். பெட்டியின் நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 35. மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 18.9. விமானச் சரக்கில் தராசு எடை, இந்த அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. இது உண்மையிலேயே தொழிலில் இருக்கிற கணக்குதான், அவர் கண்டுபிடித்ததல்ல. ஆனால் முதல் நாள் தராசைக் காட்டிக் கிலோ பேசியவர் இதை ஏன் சொல்லவில்லை? பேட் உடையாமல் இருக்க கடைக்காரர் நாலு பக்கமும் தெர்மாகோல் வைத்து அனுப்பியிருக்கிறார். அந்தத் தெர்மாகோலுக்கும் காற்றுக்கும்தான் நாங்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கட்டினோம்.

பணம் கட்டி ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். கஸ்டம்ஸ் பெட்டியைப் பிடித்துவிட்டதாம், அபராதத்தோடு 28,000 வேண்டுமாம், இன்றைக்கே கட்டாவிட்டால் ஏலத்துக்குப் போய்விடுமாம். "டியூட்டி உங்க பொறுப்புன்னு சொன்னீங்களே?" என்றேன். "டியூட்டி என் பொறுப்பு, ஃபைன் உன் பொறுப்பு." இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அரசாங்கத்துக்குப் போகும் பணத்தை ஏன் ஒரு தனி ஆளின் போன் நம்பருக்கு அனுப்புகிறோம் என்று மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அனுப்பினோம். நாலாம் நாள் அவர் போன் சுவிட்ச் ஆஃப். மண்ணடி மாடியில் தராசைக்கூடக் காணோம்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் லிங்கிச் செட்டித் தெருவில், கஸ்டம்ஸில் சரக்கு எடுத்துத் தரும் கிளியரிங் ஆபீஸில் பல வருடமாக வேலை செய்கிறார். முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) நம்பரைக் கொடுத்தேன். விசாரித்துவிட்டு ராத்திரி வீட்டுக்கே வந்தார். பெட்டி மீனம்பாக்கம் ஏர் கார்கோவில்தான் கிடக்கிறது. "பரிசுப் பொருள், பிளாஸ்டிக் பொம்மை, 40 யூரோ" என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதிகாரிகள் நம்பாமல் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பைசா டியூட்டி கட்டப்படவில்லை.

"கிஃப்ட்டுக்கு டியூட்டி இல்லைனு இன்னும் எவன்டா சொல்லிட்டுத் திரியறான்?" என்று என்னைத்தான் திட்டினார். 5,000 ரூபாய் வரை பரிசுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு என்றார். அப்புறம் பழைய காலண்டர் தாளின் பின்னால் எங்கள் பெட்டிக்கு முறையாக என்ன வந்திருக்கும் என்று போட்டுக் காட்டினார். பொருள் விலைக்கு மட்டும் வரி இல்லை. அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் இரண்டையும் விலையோடு சேர்த்துத்தான் மதிப்பு. விமானத்தில் வந்தால் அனுப்பும் செலவைப் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்க மாட்டார்கள், அது ஒரு ஆறுதல். இன்சூரன்ஸ் ரசீது இல்லாவிட்டால் 1.125 சதவீதம். ஆக 36,900 ரூபாய்ப் பொருள் 44,695 ஆகிவிட்டது. சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு அப்போது அடிப்படைச் சுங்கம் 35 சதவீதம், அந்த வரிமேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, மதிப்போடு இவை எல்லாம் சேர்ந்த மொத்தத்தின்மேல் 28 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி). வரிக்கு வரி, அதற்கும் வரி. கூட்டினால் 77.28 சதவீதம், கிட்டத்தட்ட 34,500 ரூபாய்.

கிலோவுக்கு 850 வாங்கிக்கொண்டு இதை யாரால் உள்ளடக்க முடியும்? அவர் முதல் நாளே பொய்க் கணக்கு எழுதும் திட்டத்தோடுதான் பேசியிருக்கிறார். (விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். என் 2023 கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் பெட்டி வரும்போது உள்ளதைப் பாருங்கள்.) பெட்டியை மீட்க முழு டியூட்டி, அபராதம், அதன்மேல் நாள் கணக்கில் ஏறும் குடோன் வாடகை. அதற்குப் புதிதாக இன்னொரு செட்டே வாங்கலாம். விட்டுவிட்டோம்.

இத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன், வெட்கமாக இருந்திருக்கும். அடுத்த ஜனவரியில் சுங்கத்துறையிலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம். நான் இறக்குமதி செய்த 40 ஜோடி ஷூவுக்கு விளக்கம் கேட்டு! இதுவும் ஏமாற்று வேலைதான் என்று கிழிக்கப் போனேன். அண்ணன் தடுத்து, கடிதத்தில் இருந்த டின் எண்ணை (ஆவண அடையாள எண்) சிபிஐசி என்ற மத்திய மறைமுக வரி, சுங்க வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். நிஜக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய என் ஆதாரையும் பான் கார்டையும் வைத்து வேறு யாருடைய சரக்கையோ இறக்கியிருக்கிறார்கள். என் காலில் இருப்பது ரப்பர் செருப்பு. இரண்டு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு போய், போலீஸ் புகார் நகலோடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சரக்கு எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள், முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) நகல் இல்லாமல் டியூட்டி என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆதார் நகலின் குறுக்கே எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். நான் பதினொரு நாள் கழித்துப் போட்டேன், அந்தக் கணக்கில் அதற்குள் 212 ரூபாய்தான் மிச்சமிருந்ததாம்.

ஏஜென்டைக் கூட்டிவந்தது நான் என்பதால் மற்ற இரண்டு பேர் பங்கையும் நானே திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு முடித்துவிட்டேன். இன்னொருவர் பணத்துக்குப் பதிலாக என் நீலப்பட்டைப் பெட்டைப் புறாவைக் கேட்கிறார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாதம் இரண்டாயிரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.